எங்கள் நைனா கடலில் போகவில்லை

சொன்ன பேச்சு கேட்காத என் செல்ல நைனாவுக்கு,

நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே என் மார்க் ஷீட்டை வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கணக்கில் வாங்கிய தொண்ணூற்றொன்பதைக் காட்டி "அறுவத்தாறு தானாமே?" என்று கேட்ட ஆள் நீ.

இருந்தாலும் எழுதுகிறேன். ஒட்டிய கவரில் இல்லை, எல்லோரும் படிக்கும்படி. உன்னை ஒரு ஆள் ஊரறிய மூழ்கடித்துவிட்டான். நானும் உன்னை ஊரறியத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஆமாம் நைனா. நீ புயலில் படகு கவிழ்ந்து கடலில் போய்விட்டாய். உனக்கே தெரியாதா? எனக்கும் இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் தெரியும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்ட வசதியாக இருக்கும். உன் மகள் வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் படிக்க அப்ளை பண்ணியிருக்கிறாள். எந்த நாடு தெரியுமா? பழவேற்காட்டில் பெரிய பெரிய கல்லறையாகக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் நாடு. அவர்கள் இங்கே வந்து இறங்கியபோது யாரும் தமிழ்ப் பரீட்சை வைக்கவில்லை. "எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக" என்று கேட்கவில்லை. நான் அங்கே போக மட்டும் இங்கிலீஷ் பரீட்சை, கணக்குப் பரீட்சை, டீச்சர்களின் சிபாரிசு, எல்லாவற்றுக்கும் மேலே "நான் யார், எனக்கு ஏன் இந்தப் படிப்பு" என்று ஒரு கட்டுரை. பரவாயில்லை. நான் படித்து முடித்ததும் திரும்பி வந்துவிடுவேன், அவர்களைப் போல அங்கேயே படுத்துவிட மாட்டேன்.

படிக்க ஆசைப்படுவது கடலோரக் கட்டுமானம். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மண் மூடிக்கொள்ளும் போதெல்லாம் நீ கெட்ட வார்த்தையில் திட்டுவாயே, அதையே நான் கணக்கு போட்டுத் திட்டப் போகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இடம் கொஞ்சம் நைனா. அந்தக் கோர்ஸுக்கு எந்தெந்த நாட்டிலிருந்தோ பிள்ளைகள் முட்டிமோதுகிறார்கள். ஸ்காலர்ஷிப் அதைவிடக் கொஞ்சம். அந்த ஷிப்பில் ஏற்றிக்கொண்டால்தான் நான் கடல் தாண்ட முடியும்.

இந்த இடத்தில்தான் பிரணவ் சார் வருகிறார். வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு அப்ளிகேஷன் தயார் பண்ணிக் கொடுக்கிற கம்பெனியில் கவுன்சிலர். பொன்னேரியில் எங்கள் பள்ளிக்கு வந்து, மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார். ஹெச்.எம். என் பெயரைக் கொடுத்தார். கோட்டு போட்டுக்கொண்டு, அந்த உச்சி வெயிலில் வியர்க்காமல் பேசுகிற மனிதரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நான் எழுதிக்கொண்டு போன கட்டுரை முழுக்க மண்தான். எட்டாவதிலிருந்து நான் முகத்துவாரத்தில் மூங்கில் நட்டு மண் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்து வைத்தேனே, நீகூட "எம்பொண்ணு தண்ணியில பந்தல் போடுறா" என்று கிண்டல் பண்ணுவாயே, அந்தக் கதை. அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பாமலேயே கேட்டார்.

"அப்பா எப்படிம்மா தவறுனாங்க?"

"சுகர் சார். கால்ல கெளுத்தி முள்ளு குத்துச்சு, ஆறவே இல்ல. சீழ் புடிச்சு, ஆஸ்பத்திரியில செத்துட்டாரு."

"ஓ. சுகர்." வாங்கிய மீன் நாறுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சுகர் எல்லா வீட்லயும் இருக்கும்மா. யூனிக்கா இல்ல. அப்பா ஃபிஷர்மேன் தானே? கடலுக்குப் போவாரு தானே?"

"தினம் போவாரு. தினம் வந்துடுவாரு."

"ஒரு நாள் வரலன்னு வச்சுக்கோ."

நான் சிரித்துவிட்டேன் நைனா. கலாய்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாத ஜோக்கே உலகத்தில் கிடையாது என்று இருந்தவளுக்கு, அது ஜோக் இல்லை என்று புரிய நேரமாயிற்று. அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டைப் அடித்தார். புயல் வருகிறது. நீ போகிறாய். நான் கரையில் நின்று கத்துகிறேன். அம்மா தினமும் சாயந்திரம் விளக்கை ஏந்திக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள்.

யார், நம் அம்மாவா? பொன்னேரி மார்க்கெட்டில் கூடையை இறக்கினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குரல் கேட்கிறவளா? அவள் சாயந்திரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்து நிற்கிறாள் என்றால் அது ஷேர் ஆட்டோ.

"சார், இது பொய்."

"பொய் இல்லம்மா, ஸ்டோரி. உன்ன மாதிரி மார்க் எடுத்த பசங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. அவங்க உன்ன எதுக்கு எடுக்கணும்? உன் அப்பாதான் உன் ப்ளஸ் பாயிண்ட்."

உன் சாவு எனக்கு ப்ளஸ் பாயிண்ட். "எங்க நைனாவ எடுங்க சார், மண்ண போடுங்க" என்று சொன்னேன். இரட்டை அர்த்தம் அவருக்குப் புரியவில்லை. அப்ளிகேஷன் அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் செய்வது கவுன்சிலிங் இல்லை நைனா, கவிழ்த்தலிங்.

அடுத்த வாரமே கவிழ்த்தார்.

என்னைக் கேட்காமல் கம்பெனியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் படத்தைப் போட்டார்கள். தும்மல் வந்து அடக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, சோகத்துக்குக் கச்சிதம். கீழே இங்கிலீஷில், 'தந்தையைக் கடல் கொண்டது, மகள் கடல் தாண்டுகிறாள்' என்று ஒரு வரி. மெட்ராஸில் காலேஜ் படிக்கிற நம் தெரு தினகர் அதைப் பார்த்தான். பாதி படித்தான். பதறிப்போய், படித்ததை அப்படியே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான்: மேகலாவோட அப்பா கடல்ல போய்ட்டாராம்.

இப்போது நம் ஊர்க்காரர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? நீ ஆஸ்பத்திரியில் இறந்தாய். உன்னைத் தூக்கியவர்களே அவர்கள்தான். கரையில் செத்தவனைக் கடலில் போனான் என்று நம் பக்கத்தில் எவன் சொல்வான்? குடித்துவிட்டுக் கும்மாளம் போடுகிறவன்கூட அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டான். அதனால் அது பொய்யாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏகாம்பரம், அதாவது நீ, இல்லை என்றால் வேறு யார்? நீ போன பிறகு எனக்கு அப்பா ஸ்தானத்தில் நிற்கிறவர் உன் தம்பி. தேசிங்கு சித்தப்பா அன்று விடியலிலேயே கடலுக்குப் போயிருந்தார். போன் போகவில்லை.

அவ்வளவுதான். ஒருவன் போய்விட்டான் என்று தகவல் வந்தால் நம் ஊரில் முதலில் படகு, அப்புறம்தான் கேள்வி. யார் சொன்னது, எங்கே, எப்போது என்று எவனும் நின்று கேட்கவில்லை. சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் ஓடியிருக்கிறார்கள்.

நான் பொன்னேரியில் மாதிரிப் பரீட்சை எழுதிவிட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கினேன். சித்தி மணலில் புரண்டுகொண்டிருந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். முகத்துவாரத்தில் மண் ஏறியிருந்ததால் படகுகள் தரை தட்டி நின்றன. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் கையில் போனைத் திணித்தார்கள். அதில் என் தும்மல் மூஞ்சி.

"பொய்! இது பொய்! சித்தப்பாவுக்கு ஒன்னும் ஆவல!" என்று கத்தினேன்.

யாரும் நம்பவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். கோயில் மைக்கில் ஆபீசர் குரலில் பேசி, இலவச டீசல் என்று ஊரையே கேனோடு வரிசையில் நிற்க வைத்தவள் நான். அன்றைக்கு நீ எல்லோர் முன்னாலும் என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, படகுக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இந்த முறை உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு குரல் தேவைப்பட்டது, ஒன்றும் பாக்கி இல்லை.

இனி வருவதைக் கேள், நீ எங்கே இருந்தாலும் சிரித்துவிடுவாய். சித்தப்பா வலை போட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருந்திருக்கிறார். தூரத்தில் படகுகள் பரவி வருவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து ஊர்ப் படகுக்காரன் கையை வீசி, ஆள் போய்விட்டான் என்று சாடை காட்டியிருக்கிறான். உன் தம்பி இரண்டாவது கேள்வி கேட்பாரா? வலையை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினைத் திருப்பி, அவரும் தேட ஆரம்பித்துவிட்டார்.

தன்னைத்தானே தேடியிருக்கிறார் நைனா! நெடுநேரம்!

நம் ஊர்ப் படகு கிட்டே வந்ததும், "யார்ரா? யார்ரா போனது?" என்று இவர் கத்த, "நீதாண்டா!" என்று அவர்கள் கத்த, அப்படியே கரை சேர்ந்தார். சித்தி ஓடிப்போய் ஈரத் துண்டால் அவரை விளாசு விளாசு என்று விளாசிவிட்டு, அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். விட்டுவந்த வலை கிடைக்கவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீயும் அவரும் சேர்ந்து கோர்த்த வலை.

மறுநாள் காலையில் மீன் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். தலைவர் என்னை நடுவில் நிற்க வைத்தார்.

"இன்னாமே மேகலா, இதுவும் உன் டீசலா?"

பிரணவ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"மேகலா! செம ரீச்சும்மா! போஸ்ட் பிச்சுக்கிட்டு போவுது. அப்பா கதைக்கு அவ்ளோ கமெண்ட்ஸ்!"

அம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். "யார்ரா நீ? எம்புருசன எப்போடா கடல்ல தள்ளுன? நாந்தாண்டா அந்த ஆளு கண்ண மூடுனேன். நீ பாத்தியா?"

"மேடம், மேடம்... நீங்க பேசுறது ரொம்ப எமோஷனலா இருக்கு. இதையே அப்படியே வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?"

அம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எழுதினால் இதை அச்சில் போட மாட்டார்கள். போனை வைக்கும் முன் அந்த ஆள் ஒன்று சொன்னார். "பொண்ணு லைஃப் மேடம். இந்தக் கதை இல்லன்னா அவளுக்கு சீட்டு கெடைக்காது. யோசிங்க."

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் புரட்டிவிட்டது. அதுவரை என்னைத் தின்றுவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அந்த சீட்டு அவ்ளோ பெருசாமே?" என்றார் தலைவர்.

"பெருசு தான்."

"போனா நம்ம ஏரி வாயில மண்ணு ஏறுதே, அதுக்கு ஒரு வழி படிச்சுட்டு வருவியா?"

"அதுக்குத்தான் போறேன்."

சித்தப்பா எழுந்தார். வலையை இழந்த மனுஷன், என்னை அறைவார் என்று நினைத்தேன். "அப்போ போட்டுக்க சொல்லு. எங்கண்ணன் கடல்லதான் போனான்னு நானே சொல்றேன். செத்தவனுக்கு இன்னா நஷ்டம்? எங்கண்ணன் இருந்தா அவனே குதிச்சிருப்பான், பொண்ணு படிக்கணும்னு."

"ஊரே சாட்சி சொல்லும்" என்றார் தலைவர். "எவன் வந்து கேட்டாலும் ஏகாம்பரம் கடல்ல போனான். இன்னாப்பா?" எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு அப்போது வந்த கோபம் பிரணவ் சார் மேல்கூட வரவில்லை நைனா. அவன் பொய் சொன்னது தன் கம்பெனிக்கு. இவர்கள் சொல்லத் தயாரானது எனக்காக. முந்தைய நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். இவர்களை எப்படித் திட்டுவது? நீயே சொல், அன்புக்குப் பதிலாக எந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்வது? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சீட்டு. ஷிப். அந்தக் குளிர் நாடு. எல்லாம் ஒரு தலையாட்டலில் இருந்தது.

கன்னியம்மா அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் நிஜமாகவே கடலில் போனவர், உடம்பு கிடைக்கவே இல்லை. அத்தை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு ஒரு போன் வருது. ஒருத்தன் போய்ட்டான்றாங்க. இன்னா பண்ணுவீங்க?"

"படகு எறக்குவோம்" என்றார் தலைவர்.

"எறக்க மாட்டீங்க. 'நெஜமாவா, இல்ல எவனாவது படிக்கப் போறானா'ன்னு கேப்பீங்க. கேட்டுட்டு எறக்குறதுக்குள்ள அவன் போயிருப்பான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எம்புருசனுக்கு எவனும் நெஜமான்னு கேக்கல. கெடைக்கல, அது வேற. ஆனா ஒருத்தன்கூட கேக்கல. எனக்கு இருக்கறது அது ஒன்னுதான்."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா மெதுவாக உட்கார்ந்தார். அம்மாதான் முடித்து வைத்தாள். "எம்புருசன் ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும். மேகலா, நீ உன் கதைய எழுது. கெடைச்சா கெடைக்கட்டும்."

எழுதினேன். பிரணவ் சாரின் கம்பெனி என்னைக் கை கழுவிவிட்டது. படத்தை எடுக்கச் சொல்லி நான் போட்ட சண்டைக்குப் பிறகு எடுத்தார்கள், ஒரு மன்னிப்புக்கூட இல்லை. எஸ்ஸே எழுதிக் கொடுக்கிறேன் என்றவர் எஸ் ஆகிவிட்டார். பள்ளிக் கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்து நானே அப்ளிகேஷனை முடித்தேன். முதல் வரி என்ன தெரியுமா? 'என் அப்பா மீன் முள் குத்தி, இனிப்பை விடாமல், டாக்டரை நம்பாமல் இறந்தார். அதற்கும் நான் இன்ஜினியரிங் படிக்க விரும்புவதற்கும் சம்பந்தம் இல்லை.' இரண்டாவது வரியிலிருந்து மண். மூங்கில். அன்றைக்குத் தரை தட்டி நின்ற படகுகள். தண்ணீரில் ஒருவன் நிஜமாகவே இருந்திருந்தால், அந்த மண் அவனை எவ்வளவு நேரம் காக்க வைத்திருக்கும் என்ற கணக்கு. கேள்வி கேட்காமல் புறப்படுகிற ஓர் ஊருக்கு, தடுக்காத ஒரு வாசல் வேண்டும் என்று முடித்தேன்.

அனுப்பிவிட்டேன் நைனா. முடிவு இன்னும் வரவில்லை. போட்டி போடுகிற மற்ற பிள்ளைகளும் இப்படித்தான் தங்கள் அப்பாக்களை எங்காவது மூழ்கடித்துவிட்டு வந்திருப்பார்களோ? போரில் சாகாத தாத்தாக்கள் எத்தனை பேர் கட்டுரைகளில் செத்திருப்பார்கள்? யாரை எடுப்பார்கள், எதைப் பார்த்து எடுப்பார்கள்? சுகரில் செத்த மீனவனின் மகளுக்கு அங்கே நாற்காலி உண்டா? தெரியவில்லை. சித்தப்பா வாடகை வலையில் போய் வருகிறார். அம்மா பழைய மாதிரியே கத்துகிறாள், கொஞ்சம் கூடுதலாக.

இன்னும் ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. அது உன் மேல்.

எவன் போனான் என்று காதில் விழுந்தாலும் முதல் படகு உன்னுடையது. அப்படிப்பட்ட நீ, உன் கால் கறுத்து வீங்கியபோது என்ன செய்தாய்? மஞ்சளைப் பூசினாய். லுங்கியை இழுத்து மூடினாய். அம்மா பார்க்காதபோது ஜாங்கிரி தின்றாய். நான் கேட்டால், "ஒன்னும் இல்லமே, கெளுத்தி முத்தம் குடுத்துச்சு" என்று ஜோக்கடித்தாய். ஊரில் எவனுக்காகவோ ஓடினாயே, உனக்காகப் பொன்னேரி பஸ்ஸில் ஒரு டிக்கெட் எடுக்க முடியவில்லையா? கடைசியில் அந்த வார்டில்கூடப் பக்கத்துக் கட்டில்காரரிடம் நண்டா இறாலா எது ருசி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். நான் சிரித்தேன். நீ சிரிக்க வைத்தாய், நான் ஏமாந்தேன். என்னை ஏமாற்ற முடிந்த ஒரே ஆள் நீதான்.

அதனால்தான் நைனா, அந்தப் புயல் கதை எனக்கு ஆகாது. புயலில் போயிருந்தால் நான் கடலைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். உன்னைத் திட்ட எனக்கிருக்கிற உரிமையையும் சேர்த்து அந்த ஆள் பிடுங்கப் பார்த்தான்.

சீட்டு வந்தால் போவேன். வராவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணுவேன், அதற்கடுத்த வருஷமும். எந்த நாட்டில் எவர் கேட்டாலும் நீ கட்டிலில், சர்க்கரையில், ஒரு மீன் முள்ளால் செத்தவன். இது சத்தியம். நான் எழுதுகிற எந்தக் கட்டுரையிலும் உன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டேன்.

உன் வாய்க்கும் கோபத்துக்கும் ஒரே வாரிசு,
கோட்டைக்குப்பம் ஏகாம்பரம் மகள்
மேகலா